தடுப்பூசி அட்டை குழந்தைக்கு மட்டும்தானா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு இப்போது 16 மாதம். மூன்றரை மாதம் வரை எல்லாத் தடுப்பூசிகளும் ஒழுங்காகப் போட்டோம். அந்தக் கடைசி ஊசிக்கு 102 டிகிரி காய்ச்சல், தொடையில் கட்டி, இரண்டு நாள் ஓயாத சிணுங்கல். அப்புறம் தட்டம்மை ஊசி போட வேண்டிய சமயத்தில் சளி, பிறகு வீடு மாற்றம் என்று தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது. இப்போது நான் 6 மாதக் கர்ப்பிணி. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி போட வேண்டுமா? ஒரே நாளில் நான்கு ஊசி போட்டால் குழந்தையின் எதிர்ப்பு சக்தி தாங்காது, ஆட்டிசம் வரும் என்று ஒரு வீடியோவை என் கணவர் காட்டுகிறார். என் மாமியாருக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நாங்களெல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம்? அதெல்லாம் குழந்தைகளுக்கு" என்று அந்தச் சீட்டை அவர் மடித்து வைத்துவிட்டார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தாமதமாகிவிட்டது, இனி போனால் திட்டுவார்கள், எல்லாவற்றையும் திரும்பக் குத்துவார்கள் என்ற பயத்திலேயே இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றரை மாதம் வரை போட்ட ஊசி ஒன்றுகூட வீணாகவில்லை. தடுப்பூசியால் உருவாகும் நினைவுச் செல்கள் மாதக் கணக்கு பார்த்துக் கலைந்துபோவதில்லை. அடுத்த டோஸ் ஒரு வருடம் கழித்து வந்தாலும் பழைய எதிரியை அவை அடையாளம் கண்டுகொள்ளும். அதனால்தான் இரண்டு டோஸ்களுக்கு நடுவே குறைந்தது இத்தனை வாரம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே ஒழிய, இத்தனை வாரத்தைத் தாண்டினால் செல்லாது என்ற விதி வழக்கமான ஊசிகளில் கிடையாது. பேதியைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போல வயது வரம்பு உள்ளவை ஒன்றிரண்டு உண்டு. உங்கள் மகள் அதைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே முடித்திருப்பாள், தடுப்பூசி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தாமதத்தால் நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. போட்ட ஊசிக்கு நஷ்டம் இல்லை. பாதுகாப்பில்லாமல் கழிந்த நாட்கள்தான் நஷ்டம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாக உங்கள் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தைக்குப் போயிருக்கும். தட்டம்மையைப் பொறுத்தவரை அவை 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் கரைந்துவிடும். ஊசியை அந்த வயதை ஒட்டி வைத்திருப்பது அதனால்தான். ரொம்ப முன்னதாகப் போட்டால் அம்மாவின் எதிர்ப்புப் புரதமே ஊசி மருந்தை மடக்கிவிடும், ரொம்பப் பின்னால் போட்டால் நோய் முந்திக்கொள்ளும். உங்கள் மகள் இப்போது அந்த நடு இடைவெளியில் நிற்கிறாள். அம்மா கொடுத்தது தீர்ந்துவிட்டது, ஊசி தருவது இன்னும் வந்து சேரவில்லை.

தட்டம்மையை ஏதோ நான்கு நாள் காய்ச்சல், உடம்பில் சிவப்புப் பொரி என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். மனிதர்களிடையே பரவும் நோய்களில் இதைப் போல வேகமானது அரிது. எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குப் பரப்பிவிடுவார். அவர் இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். நிமோனியா, மூளை அழற்சி, பார்வை இழப்பு எல்லாம் இதன் பின்னால் வரக்கூடியவை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. மற்றக் கிருமிகளைப் பற்றி உடம்பு அதுவரை சேர்த்து வைத்த நினைவையும் தட்டம்மை அழித்துவிட்டுப் போகிறது. பொரி மறைந்து மாதக்கணக்கில் குழந்தைக்கு ஏதாவது ஒரு தொற்று வந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். இரண்டாவது டோஸுக்குக் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். "ஒன்று போட்டாயிற்றே, பூஸ்டர்தானே, மெதுவாகப் பார்க்கலாம்" என்று அதைத் தள்ளாதீர்கள். தட்டம்மைக்கு இரண்டாவது டோஸ் மங்கிப்போன சக்தியை ஏற்றிவிடும் பூஸ்டர் கிடையாது. 12 மாதத்துக்கு மேல் போடும் முதல் டோஸ் நூற்றில் சுமார் 93 குழந்தைகளுக்குப் பிடித்துக்கொள்கிறது, மீதிப் பேருக்குப் பிடிப்பதில்லை. யாருக்குப் பிடிக்கவில்லை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களுக்காகத்தான் எல்லோருக்கும் இரண்டாவது.

அதோடு இந்த வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் பூஸ்டர் முறை வந்திருக்கும். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் ஊசியும் பாக்கி இருக்கலாம். அட்டவணை நாட்டுக்கு நாடு வேறுபடும். அட்டையை அப்படியே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கொடுத்து, "விட்டதற்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி அந்தச் சளி. சாதாரண சளி, இருமல், லேசான பேதி, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது, பல் முளைப்பது, குறைமாதத்தில் பிறந்தது, வீட்டில் யாருக்கோ வலிப்பு இருப்பது, இவை எதுவும் ஊசியைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகாது. இந்த வயதுக் குழந்தைக்கு மூக்கு ஒழுகாத வாரமாகப் பார்த்துப் போடுவது என்றால் அட்டை காலியாகவேதான் இருக்கும். குழந்தை நிஜமாகவே துவண்டு கிடக்கிறது, அதிகக் காய்ச்சல் என்றால் தேறும்வரை பொறுக்கலாம். போடவே கூடாது என்று சொல்லும் காரணங்கள் மிகக் குறைவு: முந்தைய டோஸுக்கோ அதிலுள்ள ஒரு பொருளுக்கோ மூச்சுத்திணறலோடு கடுமையான அலர்ஜி வந்திருப்பது, கக்குவான் ஊசி போட்ட 7 நாளுக்குள் வேறு காரணம் தெரியாமல் மூளை பாதிக்கப்பட்டிருப்பது, எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு எம்எம்ஆர் போன்ற உயிருள்ள (ஆனால் வலுவிழக்கச் செய்த) கிருமி ஊசிகள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் மகளுக்கு வந்த 102 டிகிரி காய்ச்சலும் தொடைக் கட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. அது பெரும்பாலும் அந்தக் கூட்டு ஊசியில் உள்ள கக்குவான் பகுதியின் வேலை. அதில் இரண்டு வகை உண்டு. கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று செய்வது பழைய வகை. அதிலிருந்து சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது புதிய வகை, இதைத்தான் "வலி இல்லாத ஊசி" என்கிறார்கள். வலி இல்லாமல் ஊசி ஏது! காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு ஒரு விலையும் உண்டு, புதிய வகையின் பாதுகாப்பு சற்றுச் சீக்கிரம் மங்குகிறது. எது கிடைத்தாலும் போடுங்கள், இரண்டும் நல்லவைதான்.

காய்ச்சல் வரும் என்று பயந்து ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அப்படி முன்கூட்டியே கொடுத்த குழந்தைகளுக்கு எதிர்ப்புப் புரதம் குறைவாக உருவானதாக 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வந்த பிறகு, குழந்தை அவஸ்தைப்பட்டால் கொடுங்கள். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒருமுறை கொடுத்தபின் 6 மணி நேரம் பொறுங்கள். சிரப் பாட்டில்கள் வெவ்வேறு அடர்த்தியில் வருகின்றன. "போன தடவை 5 மில்லி கொடுத்தோம்" என்ற ஞாபகத்தில் கொடுக்காமல் லேபிளைப் படித்து அளவெடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. எம்எம்ஆர் காய்ச்சல் வேறு மாதிரி. அது அன்றைக்கு வராது, 6 முதல் 12 நாள் கழித்து வரும், சில சமயம் லேசான பொரியும் சேர்ந்து வரும். ஊசிக் காய்ச்சல் என்று தெரியாமல் பலர் பதறி ஓடி வருவது இதற்குத்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் அலறினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் அசையாமல் துவண்டிருந்தாலோ உடனே காட்டுங்கள். கடுமையான அலர்ஜி சுமார் 10 லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், அங்கேயே மருந்தும் இருக்கும். ஊசி போட்டபின் 15 நிமிடமாவது உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வது அதற்காகவே.

வீடியோ விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தையின் மேல் அக்கறை இல்லாதவர் அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் அதன் கணக்கு தப்பு. தரையில் தவழ்ந்து, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் குழந்தையின் உடம்பு ஒரே நாளில் சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் நான்கு ஊசி ஒரு கணக்கே இல்லை. அந்தப் பழைய வகைக் கக்குவான் ஊசி ஒன்றில் மட்டும் சுமார் 3,000 புரதங்கள் இருக்கின்றன. புதிய வகையைப் பயன்படுத்தும் நாடுகளில் இன்றைக்குக் குழந்தைப் பருவத்து ஊசிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சில நூறைத் தாண்டாது. ஊசிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, உடம்புக்கு வைக்கும் வேலை குறைந்திருக்கிறது. வெவ்வேறு இடத்தில், ஒரே தொடை என்றால் ஓர் அங்குலம் தள்ளி, ஒரே நாளில் போட்டுவிடலாம். உயிருள்ள கிருமி ஊசிகளில் மட்டும் ஒரு சின்ன விதி: எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் என்றால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நடுவே 4 வாரம் விட வேண்டும்.

ஆட்டிசக் கதை 1998-ல் தொடங்கியது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் முறைகேடு இருந்தது தெரியவந்து 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, அவர் பெயரும் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், எம்எம்ஆர் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் இந்தப் பேச்சு ஓயவில்லை? ஒன்றரை வயதை ஒட்டித்தான் பேச்சு வராதது, பெயர் சொன்னால் திரும்பாதது எல்லாம் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும். ஊசியும் அதே வயதில். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இப்போது நீங்கள். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது குழந்தைக்கு எம்எம்ஆர் போடக்கூடாது, அந்த வைரஸ் அம்மாவுக்குத் தொற்றிவிடும் என்று யாராவது தடுப்பார்கள். தொற்றாது, தாராளமாகப் போடலாம். சொல்லப்போனால் நிஜத் தட்டம்மையும் ரூபெல்லாவும் மகள் வழியாக உங்களை வந்து சேராமல் இருப்பதற்கு அதுதான் வழி. ரூபெல்லா கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாக்கினால் சிசுவின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-லேயே இதைக் கண்டு சொன்னார். உங்களுக்கு எம்எம்ஆர் இப்போது போட முடியாது, கர்ப்பத்தில் உயிருள்ள கிருமி ஊசிகள் வேண்டாம். ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் பிரசவமானதும் போட்டுக்கொள்ளுங்கள், பால் கொடுப்பதற்குத் தடையில்லை.

நீங்கள் இந்தக் கர்ப்பத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, டிடாப் என்று சொல்லும் கக்குவான், டெட்டனஸ், தொண்டை அடைப்பான் கூட்டு ஊசி. 27-லிருந்து 36 வாரத்துக்குள், ஒவ்வொரு கர்ப்பத்திலும். போன பிரசவத்தில் போட்டது இந்தக் குழந்தைக்கு உதவாது. இன்னொன்று ஃப்ளூ ஊசி, எந்த மாதத்திலும் போடலாம்.

டிடாப் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஆறு வாரக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருமல்கூட அதிகமில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கக்குவான் அப்படித்தான் வரும், இருமலின் முடிவில் வரும் அந்தக் கூவும் ஓசையை எதிர்பார்த்துக் காத்திருந்தால் குழந்தை போய்விடும். எங்கிருந்து வந்தது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வார்டு வாசலில் அந்தக் குழந்தையின் தாத்தா இருமிக்கொண்டு நின்றார். மூன்று வாரமாக வறட்டு இருமலாம். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சியபடியே இருமியிருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெரியவர் எங்கள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கக்குவானுக்குச் சின்ன வயதில் போட்ட ஊசியும் சரி, நோயாகவே வந்து போனதும் சரி, ஆயுள் முழுக்கக் காக்காது. பெரியவர்களுக்கு அது வெறும் நீண்ட இருமல். உங்கள் இரண்டாவது குழந்தைக்கு அட்டவணைப்படி முதல் கக்குவான் ஊசி விழ ஆறு வாரமோ இரண்டு மாதமோ ஆகும். அதுவரை அதற்கு உங்கள் ரத்தத்திலிருந்து போனது மட்டும்தான் கவசம். அது போக, வீட்டில் குழந்தையைத் தூக்கப் போகும் மற்றவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது. கணவரிடம் சொல்லுங்கள், வீடியோவை நிறுத்திவிட்டுத் தன் கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது என்று யோசிக்கட்டும். (அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. சில வருடம் முன்பு துருப்பிடித்த தகரத்தில் கையைக் கிழித்துக்கொண்டு நின்றபோது என்னுடைய கடைசி ஊசி எப்போது என்று எனக்கே தெரியவில்லை.) குழந்தைப் பருவ ஊசிகளை முடித்த பெரியவர்களுக்கு 10 வருடத்துக்கு ஒருமுறை போதும், ஒவ்வொரு கீறலுக்கும் ஓட வேண்டாம். மண்ணும் அழுக்கும் ஏறிய ஆழமான காயம் என்றால் மட்டும் 5 வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் நேராகப் போய் வாதாட வேண்டாம். அவருடைய மேல்கையில், தோளுக்குக் கீழே, காசு அளவில் உள்ளே குழிந்த ஒரு தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கும். "இது என்ன அத்தை?" என்று கேளுங்கள். "அம்மை குத்தின தழும்பு" என்று அவரே சொல்வார். அதுதான் பெரியம்மைத் தடுப்பூசி. ஊசி போடாமல் வளர்ந்த தலைமுறை என்று அவர் நினைக்கிறாரே, அவர் தோளிலேயே சாட்சி இருக்கிறது. அந்த நோய் இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் 1977-ல் சோமாலியாவில் இருந்த அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டவர். பிழைத்தெழுந்து, பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொன்னார். 1980-ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உங்களுக்கு அந்தத் தழும்பு இல்லாமல் போனது அதனால்தான்.

தழும்பு இல்லையென்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று. மெதுவாகக் கேளுங்கள், அந்தப் பதில் வலிக்கக்கூடும்.

அவர் டாக்டர் எழுதிக் கொடுத்தது சரியான சீட்டு. 65-ஐத் தாண்டிய வயது, சர்க்கரை, இரண்டும் சேர்ந்தால் ஃப்ளூவும் அதன் பின்னாலேயே வரும் நிமோகாக்கல் நிமோனியாவும் சாதாரணக் காய்ச்சலாக நின்றுவிடுவதில்லை. ஃப்ளூ வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசியும் வருடாவருடம். அது நூற்றுக்கு நூறு தடுக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி அப்போது பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்திய வருடத்திலேயே மருத்துவரிடம் ஓட வைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. போட்டும் வந்தால் பெரும்பாலும் தீவிரம் குறைவாக இருக்கும். "ஊசி போட்டதால்தான் காய்ச்சலே வந்தது" என்பார்கள். அதில் இருப்பது செத்த வைரஸ், அதால் ஃப்ளூ வராது. ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வேறு கிருமி புகுந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. நிமோகாக்கல் ஊசி வருடாவருடம் வேண்டாம். எந்த வகை, ஒரு டோஸா இரண்டா என்பதை அவர் டாக்டர் முடிவு செய்வார். இரண்டையும் ஒரே நாளில் கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் அக்கி ஊசியைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்பு வேரில் பதுங்கியிருந்து வயதான காலத்தில் அக்கியாக வெடிக்கும். கொப்புளம் ஆறிய பிறகும் அந்த எரிச்சல் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதற்கு ஊசி இருக்கிறது, இரண்டு டோஸ்.

உங்கள் வீட்டில் இப்போது ஒரே ஓர் அட்டைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், மகளுடையது. உங்களுக்கு, கணவருக்கு, மாமியாருக்கு என்று ஆளுக்கொரு தாளில் எழுதி அதே உறையில் வையுங்கள். மகளின் அட்டையை செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 9 வயதைத் தாண்டியதும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசிக்கு அது மறுபடி தேவைப்படும், அதற்குள் இன்னும் எத்தனை வீடு மாறுவீர்களோ.

பிரசவத்துக்குப் போகும்போது எடுத்துவைக்கும் பையில் ஐந்தாவது தாள் ஒன்றும் இருக்கட்டும். பிறக்கப்போகிற குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். பிறக்கும்போது அந்த வைரஸ் தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கிவிடும், பெரியவர்களுக்குத் தொற்றினால் இருபதில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகும். பிரசவ அறை பரபரப்பில் இது விட்டுப்போகாமல், "போட்டாச்சா?" என்று கேட்கும் பொறுப்பை உங்கள் மாமியாரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.